சமையலறையில் கேட்கிறதாம்

1

ரஸ் தோளால் கதவை இடித்தான். கதவு அசையவில்லை. இரண்டாவது இடியில் ரப்பர் பட்டை கிழியும் சத்தம் கேட்டது. மூன்றாவதில் தாழ்ப்பாள் பிய்த்துக்கொண்டு போக, உள்ளிருந்து அனல் முகத்தில் அறைந்தது. கராஜுக்குள் விளக்கு எரிந்தது. உலை எரிந்தது. பட்டடைக்குப் பக்கத்தில், கையில் பிடித்த குறடோடு, வெண்டல் ஹாகன் குப்புறக் கிடந்தார்.

மூலையில் சுருட்டி வைத்திருந்த ஒரு போர்வைக்குள்ளிருந்து ஏதோ ஒன்று மெல்லிய குரலில் விடாமல் கத்திக்கொண்டிருந்தது.

"காலைப் பிடி!" என்று ரஸ் அலறினான். "என்னத்தைப் பார்த்துக்கிட்டு நிக்கிற? காலைப் பிடிய்யா!"

காலைப் பிடித்தவன் நான்.

இந்த இடத்தில் நிறுத்திவிட்டு, இந்தக் கதை எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். எழுதச் சொன்னவர் வெண்டலேதான். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பிறகு ஒருநாள், எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் பின்னால் ஓடும் சந்தில் நான் பனி வாரிக்கொண்டிருந்தபோது வந்து நின்றார்.

"எழுத்தாளரே, நீ துப்பறியும் கதைதானே எழுதுற?"

"ஆமா."

"அப்போ என் கதையை எழுது. யாரு போன் பண்ணாங்கன்னு கண்டுபிடி. கடைசிப் பக்கத்துல பேரைப் போடு."

"எழுதினாலும் உங்களால படிக்க முடியாதே. நான் எழுதுறது தமிழ்ல."

"பேரு எந்த பாஷையில இருந்தாலும் பேருதானே? அதை மட்டும் வாய்விட்டுச் சொல்லு, போதும்."

வாரப் பத்திரிகைகளுக்குத் தொடர்கதை எழுதிப் பழகிய கை இது. முதல் பத்தியில் ஓர் உடல், இரண்டாவது பத்தியில் ஒரு புதிர் என்று தானாகவே போய்விடுகிறது. மன்னியுங்கள். அந்தப் பெயர் எனக்குத் தெரியும். வெண்டல் கேட்பதற்கு முன்பே தெரியும். கடைசியில் சொல்கிறேன். நடுவில் புரட்டிப் பார்ப்பது உங்கள் இஷ்டம்.

2

எழுதி அடித்த தொடக்கங்கள்:

"டுலூத் நகரத்தின் மேல் வெண்பனி..." (வேண்டாம். பனியைப் பற்றிப் பேசுகிறவன், அமெரிக்காவின் வட எல்லையோரம் இருக்கும் இந்த ஊருக்குப் புதுசு.)

"அந்தச் சம்மட்டிக்கு ரத்தப் பசி இருந்தது. அதை அறியாத..." (பழைய வியாதி. வெண்டல் அடித்ததெல்லாம் திரைச்சீலைக் கம்பி, அடுப்பு கிளறும் கம்பி, எங்கள் தெருவில் எல்லார் வீட்டு வாசலிலும் கோட்டு மாட்டத் தொங்கும் கொக்கி.)

"ஓய்வு பெற்ற மறுநாள்..." (இதில் திடுக்கென்று ஒன்றும் இல்லை. ஆனால் உண்மை. வைத்துக்கொள்கிறேன்.)

துறைமுகத்தில் கப்பல் பழுதுபார்க்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுநாள், வீட்டுக்குப் பின்னால் தனியாக நிற்கும் கராஜிலிருந்து காரை வெளியே தள்ளிவிட்டு, வெண்டல் இரும்படிக்கும் பட்டடை ஒன்றை உள்ளே இறக்கினார். காலைக் காபி முடிந்ததும் ணங், ணங் என்று ஆரம்பிக்கும். மனைவி மார்லிஸ் மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் நிற்கும். சாப்பிட்டுக் கை துடைத்ததும் மறுபடி. அந்தக் கராஜுக்குள் அவர் விசிலடிப்பார். வேறெங்கும் அவர் விசிலடித்து நான் கேட்டதில்லை. மனிதர் அத்தனை சந்தோஷத்தையும் அங்கே கொண்டுபோய் வைத்திருந்தார்.

எனக்கு அந்தச் சத்தம் பிடித்திருந்தது. அதன் தாளத்தில் இரண்டு கொலைகள் எழுதியிருக்கிறேன்.

3

பிறகு ஒருநாள் நகராட்சியிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். சின்ன வயதுப் பெண். வாசலிலேயே நின்று, சங்கடத்தோடு பேசினார். நானும் அங்கே இருந்தேன்.

"புகார்னு பெரிசா ஒண்ணுமில்ல சார். யாரோ போன் பண்ணிச் சொன்னாங்க. ஜன்னலைச் சாத்தினாலும் சமையலறையில கேக்குதாம். பேரு நாங்க சொல்லக் கூடாது."

"யாரு, பக்கத்து வீடா?"

"சொல்லக் கூடாது சார். நீங்க சட்டப்படி எந்தத் தப்பும் பண்ணல. கொஞ்சம் பார்த்துக்கோங்க, அவ்ளோதான்."

வேறு ஊர்க்காரனாக இருந்தால், சட்டம் என் பக்கம் என்று இன்னும் ஓங்கி அடித்திருப்பான். இங்கே அப்படி இல்லை. எங்கள் தெருவில் யாரும் யார் மேலும் புகார் செய்வதில்லை. பக்கத்து வீட்டு மரம் கூரை மேல் விழுந்தால், "பரவாயில்ல, கூரையும் பழசுதான்" என்பார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பார்கள். அப்படிப்பட்ட இடத்தில் ஒருவர் போனையே எடுத்துவிட்டார் என்றால், உள்ளே எவ்வளவு வெறுப்பு கொதித்திருக்கும்? வெண்டலுக்கு முகம் செத்துப்போனது. இந்தத் தெருவுக்கு நாம் வேண்டாதவனாகிவிட்டோம் என்பதைத் தவிர வேறெதுவும் அவர் காதில் விழவில்லை.

மார்லிஸ், தெருவில் வீட்டுக்கு ஒரு தட்டு என்று எலுமிச்சை கேக் செய்து கொடுத்தார். வெண்டல் தட்டுகளைச் சுமந்துகொண்டு வீடு வீடாகப் போனார். முதல் வீடு, பக்கத்து வீட்டு ரஸ் டாம்சாக். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன், தனியாள். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

"யோவ் வெண்டல், எனக்கு ஒண்ணுமே கேக்கலய்யா!"

"உன் சமையலறையில கொஞ்சம் நிக்கலாமா?"

"எதுக்கு?"

"மார்லிஸை கராஜுல நின்னு அடிக்கச் சொல்லியிருக்கேன். இங்க கேக்குதான்னு பார்க்கணும்."

மூவரும் பாத்திரத் தொட்டிக்கு முன்னால் மூச்சை அடக்கி நின்றோம்.

"கேக்குது," என்றார் வெண்டல்.

"என் ஃபிரிட்ஜ் இதைவிட ஜாஸ்தி கத்தும்."

"அப்போ கேக்குதுன்னு ஒத்துக்கிற."

"எனக்குத் தொந்தரவே இல்ல. சத்தியமா."

வெளியே வந்ததும் வெண்டல் என் கையைப் பிடித்தார். "சத்தியமாங்கறான் பாத்தியா. ரொம்ப நாளா பொறுத்துக்கிட்டிருந்திருக்கான்."

என் சமையலறையிலும் நின்று கேட்டார். எனக்கு அந்தச் சத்தம் பிடிக்கும் என்றேன். "நல்லவன்யா நீ," என்று தோளைத் தட்டினார், மன்னிப்புக் கேட்கும் குரலில். தெருமுனை வரை எல்லாரும் அதையேதான் சொன்னார்கள். எல்லாரும் உண்மையைத்தான் சொன்னார்கள்.* அவர் ஒருவரையும் நம்பவில்லை. இத்தனை வருடமாக ஒருவருக்கொருவர் மரியாதைக்குப் பொய் சொல்லிப் பழகிய தெருவில், உண்மையை எந்தக் குரலில் சொல்வது?

(* இந்த வரியைக் கவனித்தவர்கள் இப்போதே யோசிக்க ஆரம்பித்திருப்பீர்கள். யோசியுங்கள்.)

4

[இந்தப் பகுதியில் கதை நகராது. சுருக்கலாமா என்று பார்த்தேன். முடியாது, ஆயுதம் இதற்குள்தான் இருக்கிறது.]

அதிர்வைக் குறைக்க, பட்டடையின் இடுப்பில் சங்கிலி சுற்றினார். அதன் வாலுக்கடியில் ஒரு பெரிய காந்தத்தை ஒட்டினார். அது நின்ற மரக்கட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு, மணல் நிரப்பிய பெட்டி செய்து, மேலே சிலிக்கான் பசையைப் பரப்பி அதில் பட்டடையைப் பதித்தார். ணங் என்றது டங் ஆனது. டங் என்றது டொக் ஆனது. சந்தில் நின்ற எனக்கே, தூரத்தில் யாரோ மரக்கதவைத் தட்டுவது போலத்தான் இருந்தது.

"போதும் வெண்டல்."

"உனக்குப் போதும். போன் பண்ணவங்களுக்குப் போதுமா?"

யாரென்று தெரிந்தால் போய்க் கேட்கலாம். தெரியாதவரை எப்படித் திருப்திப்படுத்துவது? கூரைக்கும் சுவருக்கும் சத்தம் உறிஞ்சும் பலகை அடித்தார். ஜன்னலை அடைத்தார். பெரிய கதவின் உட்புறத்தில் மார்லிஸ் கையால் தைத்த ஒட்டுத்துணிப் போர்வைகளை வரிசையாக ஆணி அடித்துத் தொங்கவிட்டார். பக்கக் கதவின் விளிம்பு முழுக்க ரப்பர் பட்டை. உள்ளே தாழ்ப்பாளை இறுக்கிப் போட்டால்தான் ரப்பர் அழுந்தும். பட்டையை அளந்து வெட்டிக் கொடுத்ததும் மார்லிஸ்தான்.

"இடுக்கு இருக்கு பாரு, அங்க," என்று அவர் விரலால் காட்டிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

வெண்டலின் உலை எரிவாயுவில் எரிவது. முன்பெல்லாம் எவ்வளவு பனி கொட்டினாலும் பெரிய கதவை முழங்கால் உயரத்துக்குத் தூக்கியே வைத்திருப்பார். காற்று வேண்டும், இல்லாவிட்டால் விஷவாயு உள்ளே தேங்கும். அதே இடுக்கு வழியாகத்தான் சத்தமும் தெருவுக்கு வரும். இரண்டையும் சேர்த்து அடைத்துவிட்டார்.

சுவரில் ஒரு விஷவாயு அலாரம் இருந்தது. அடைத்த முதல் வாரமே அது அலறியது. வெண்டல் என்ன செய்தார் என்பதை நான் கற்பனையில் எழுதியிருந்தால், "நம்பும்படி இல்லை" என்று எந்த ஆசிரியரும் சிவப்பு மையால் அடித்திருப்பார். பிற்பாடு தீயணைப்புக்காரர் கேட்டபோது அவரே திக்கித் திக்கிச் சொன்னது:

"அது கத்தின கத்து ரஸ் காதுல விழுந்தா என்ன நினைப்பான்? கழட்டிப் போர்வையில சுத்தி வச்சேன்."

5

துப்பறியும் கதைக்கு ஒரு சந்தேக நபர் வேண்டும். ரஸ்ஸை அப்படித்தான் எழுத ஆரம்பித்தேன். "ரஸ்ஸின் கண்களில் ஒரு வேட்டை மிருகத்தின்..." (நிறுத்து. அவை விடிவதற்கு முன் பேருந்து எடுக்கிறவனின் கண்கள். அவ்வளவுதான்.)

ஆனால் அவனிடம் ஒரு குற்றம் உண்டு. எலுமிச்சை கேக் வந்த தட்டை அவன் திருப்பித் தரவில்லை. இங்கே பலகாரம் வந்த தட்டை வெறுமையாகத் திருப்பக் கூடாது. அவனுக்கோ முட்டை வறுப்பதைத் தவிர வேறொன்றும் வராது. எதைப் போட்டுக் கொடுப்பது என்று தெரியாமல் நாளைக் கடத்தினான். வெண்டல் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்: "தட்டைக்கூடத் திருப்பித் தரல பாரு. அவ்வளவு காட்டம்."

அந்தச் சனிக்கிழமை மதியம் ரஸ் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு சாக்லேட் கேக் செய்தான். ஒரு பக்கம் கருகிவிட்டது. கருகிய பக்கத்தை மறைத்துப் பிடித்துக்கொண்டு ஹாகன் வீட்டுச் சமையலறைக் கதவைத் தட்டினான்.

"அவர்கிட்டயே குடு ரஸ். கராஜுலதான் இருக்காரு," என்றாராம் மார்லிஸ். "இன்னைக்கு எவ்வளவு அமைதியா இருக்கு, இல்ல?"

ரஸ் கராஜ் கதவில் காதை வைத்தான். டொக் இல்லை. விசில் இல்லை. கோழிக்குஞ்சு கத்துவது போல ஏதோ ஒன்று. சந்தில் நின்ற என்னைக் கூப்பிட்டான். மற்றது முதல் பத்தியில் இருக்கிறது. அதில் எழுத விட்டுப்போனது: பனியில் கவிழ்ந்து கிடந்த தட்டு.

6

வெண்டல் பிழைத்தார். தொடர்கதையில் இது நல்ல செய்தி.

வலது கை நடுங்குகிறது. குறடு கையில் நிற்பதில்லை. சம்மட்டி என்ற சொல் சில நாள் வருவதில்லை, "அந்த அடிக்கிறது" என்கிறார். விசில் இல்லை. மறக்காதது ஒன்றே ஒன்றுதான்.

"ரஸ்தான் போன் பண்ணியிருக்கான்."

"உங்களைத் தூக்கிட்டு வந்ததே அவன்தானே வெண்டல்?"

"அதைத்தான் சொல்றேன். மனசு உறுத்தியிருக்கு. இல்லாட்டி அப்படி விழுந்தடிச்சு வந்து கதவை உடைப்பானா?"

ரஸ் கையசைத்தால் வெண்டல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். இந்தத் தெருவில் அது கன்னத்தில் அறைவதற்குச் சமம்.

"கதவை உடைச்சதுக்குக் கோவமா?" என்று ரஸ் என்னிடம் கேட்டான். "புதுசு மாட்டித் தரேன்னு சொல்லேன். இல்ல, அந்த கேக்கா? கருகிட்டுது, தெரியும்."

இப்போது ஹாகன் வீட்டு வாசலில் விற்பனைப் பலகை நிற்கிறது. "என்னை வேணாம்னு சொல்ற தெருவுல எனக்கென்ன வேலை?" என்கிறார் வெண்டல். மார்லிஸ் பெட்டி கட்டுகிறார். வெள்ளிக்கிழமை விற்பனைப் பத்திரத்தில் கையெழுத்து.

7

முடிவு ஒன்று: சமாதானத்துக்காக, செய்யாததைச் செய்ததாக ரஸ் ஒப்புக்கொள்கிறான். (அவன் செய்யக்கூடியவன்தான். அதனாலேயே எழுதக் கை வரவில்லை.)

முடிவு இரண்டு: அந்த அதிகாரி வேறு தெருவுக்குப் போக வேண்டியவர், விலாசம் மாறி வந்துவிட்டார். (நீங்கள் புத்தகத்தை என் மேல் எறிவீர்கள்.)

முடிவு மூன்று: நான் வெண்டலிடம் பெயரைச் சொல்கிறேன். ரஸ் மேல் விழுந்த பழி போகிறது. வீட்டு விற்பனை நிற்கிறது. வெண்டல் வீட்டுக்குள் திரும்பிப் போய், சமையலறையில்...

நேற்று சந்தில் மறுபடி பிடித்துக்கொண்டார். மார்லிஸ் அவருக்குப் பின்னால், ஓர் அட்டைப் பெட்டியை அணைத்தபடி நின்றார். என்னைப் பார்க்கவில்லை.

"என்ன எழுத்தாளரே, கண்டுபிடிச்சியா?"

"எழுதிக்கிட்டிருக்கேன்."

"வெள்ளிக்கிழமைக்குள்ள முடி."

என்னால் முடியவில்லை. இனி சந்தில் நின்று அவருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். அதற்கு வேண்டியதைக் கொடுத்துவிடுகிறேன்.

வெண்டல் தெருவில் உள்ள எல்லாச் சமையலறைகளிலும் நின்று கேட்டார், ஒன்றைத் தவிர. அவர் கேட்கப் போனபோதெல்லாம், அந்தச் சமையலறைக்காரர் கராஜில் நின்று அவருக்காகப் பட்டடையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில், வெண்டல் கண் திறப்பாரா என்று தெரியாத நேரத்தில், கையில் ஆறிப்போன காபியோடு மார்லிஸ் என்னிடம் சொன்னது இது:

"போன் பண்ணது நான்தான். நிறுத்துங்கன்னு அவர் மூஞ்சிக்கு நேரா எப்படிச் சொல்றது? உள்ள விசிலடிச்சுக்கிட்டு இருந்தாரு."