தங்கைக்குத்தான் முதலில்

புதன்கிழமை மதியச் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் தங்கையின் வலது கை மணிக்கட்டு வரை கண்ணாடியாகிவிட்டது. செல்போன் தொழிற்சாலையின் ஜன்னல் இல்லாத அறையில், அக்காவும் தங்கையும் நான்கு வருடங்களாகப் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து புதுப் போன்களின் முகப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். துடைக்கும் மருந்து நொடியில் காயும், இனிப்பாக வாசமடிக்கும், தலை சுற்றும். ஒரே மருந்து, ஒரே துணி. ஆனாலும் தங்கைக்குத்தான் வந்தது. அக்காவுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

மேலாளர் தங்கைக்கு வாசல் பக்கம் தனி நாற்காலி போட்டார். போன் வாங்க வந்த கம்பெனிக்காரர்கள் அவள் உள்ளங்கையின் வழியே செய்தித்தாள் படித்துக் கைதட்டினார்கள். வீட்டில் அம்மா, வருகிறவர்களிடமெல்லாம், "சின்னவ கையப் பாத்தீங்களா, என்ன பளபளப்பு!" என்றாள். பெரியவள் அடுப்படியில் பாத்திரங்களை உருட்டினாள். சுருட்டை முடி, அப்பாவின் மடி, நல்ல மாப்பிள்ளை, இப்போது இதுவும் அவளுக்கே. மறுநாளே பெரியவள் கையுறையைக் கழற்றி எறிந்தாள், இரட்டை ஷிப்டு கேட்டு வாங்கினாள், முழங்கை வரை மருந்தில் நனைத்தாள். தோல்தான் வெடித்தது.

தங்கை கொதிக்கும் பாலை வெறுங்கையால் இறக்கினாள், சுட்டது தெரியவில்லை. தன் குழந்தையின் நெற்றியைத் தொட்டு, "ஒண்ணுமில்ல, ஜில்லுன்னுதான் இருக்கு" என்றாள். காய்ச்சல் நூற்று நான்கு. குழந்தையை அள்ளிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவள் அக்காதான். குழந்தை பிழைத்தது.

"எனக்கு வந்திருந்தா பத்திரமா வச்சிருந்திருப்பேன்டி" என்றாள் அக்கா. தங்கை அக்காவின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஓடி வந்ததில் ஒரு செருப்பு எங்கோ கழன்றிருந்தது, பெரியவளுக்குத் தெரியவே இல்லை. பாதத்தின் வழியே ஆஸ்பத்திரித் தரையின் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் தெளிவாகத் தெரிந்தன. பெரியவள் அங்கேயே உட்கார்ந்து சந்தோஷத்தில் அழுதாள்.

அந்த மாதமே புது மாடல் வந்தது. அதை மிஷின் துடைத்தது. இருவரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இரண்டு வருடத்தில், அவர்கள் துடைத்த போன்களெல்லாம் உடைந்து லாரி லாரியாகத் திரும்பி வந்து தெருக்கோடிப் பள்ளத்தில் விழுந்தன. கிணற்றுத் தண்ணீர் கறுத்தது.

பெரியவள் சுவரைப் பிடித்துத்தான் நடந்தாள். ஒருநாள் தங்கை அவள் பாவாடை ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள்.

"முழங்கால் வரைக்கும் வந்துடுச்சாக்கா?"

"ஆமா."

"எனக்கு இன்னும் முழங்கையே தாண்டல" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பெரியவள் பாவாடையை ஏற்றிச் செருகிக்கொண்டு, தெரு முழுவதும் பார்க்கும்படி, சுவரோடு சுவராகக் கடைக்குப் போனாள். கடைக்காரர் கைதவறி விட்ட எலுமிச்சம்பழம் உருண்டு அவள் காலுக்குப் பின்னால் போய் நின்றது. "கொஞ்சம் அப்படியே நில்லும்மா" என்றவர், கால் வழியே பழத்தைப் பார்த்துக் குனிந்து எடுத்துக்கொண்டார்.