மைக்செட் அந்தோணிமுத்துவின் அடக்கப் பாட்டு

"அந்தப் பாட்டு போடாம பெட்டியத் தூக்க விடமாட்டேன்," என்று அம்மா மறுபடியும் சொன்னாள்.

பெனிட்டா அப்பாவின் லேப்டாப்பை மடியில் வைத்து, அவருடைய ஹார்டு டிஸ்க்கைச் செருகினாள். திரையில் பாட்டுப் பெயர்கள் வரிசையாக இருந்தன. எதைத் தட்டினாலும் ஃபைல் காணவில்லை என்று சிவப்புக் குறி வந்தது. டிஸ்க் கெட்டுப்போய், போன வாரம் முழுக்க அப்பா பாட்டுகளை லேப்டாப்பில் ஒரு புது ஃபோல்டருக்கு மாற்றிக்கொண்டிருந்தாராம். வேலையைப் பாதியில் போட்டுவிட்டு நேற்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். அப்படி என்னதான் அவசரமோ!

இந்தத் தீவில், பாம்பூஃப்ளாட்டில் எந்தக் கிறிஸ்தவ வீட்டு அடக்கம் என்றாலும் அப்பாவின் மைக்செட்தான், அதே பாட்டுதான். ஊர்க் கோயிலில் எப்போதோ கேசட்டாகப் போட்டது. யூடியூபில் தலைகீழாக நின்றாலும் கிடைக்காது.

"சாமியார் வந்தாச்சு, ஜல்தி பண்ணு பிள்ள," என்றான் அண்ணன் பீட்டர். "வேற ஏதாவது போடு, சலேகா, பரவாயில்ல."

"அப்பா ஏதாவதுன்னு போடுவாரா? உயிர வாங்காத, போ."

பட்டியலில் ஒரு பாட்டு குறைந்தாலும் அவருக்குச் சோறு இறங்காது. நெட்டே இல்லாத அந்தக் காலத்தில், மெயின்லேண்ட் கப்பல் வருகிற அன்றெல்லாம் கப்பல்துறை ஜெட்டியில் போய் நிற்பார். யாராவது பென் டிரைவில் புதுப்பாட்டு கொண்டுவருவார்கள். கூடப் போகும் பெனிட்டாவுக்கு ஒரு சமோசா. திரும்பும் படகில் அவர் சட்டைப் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வருவார். எவ்வளவு நல்ல நாட்கள் அவை!

பட்டியலுக்குப் புது ஃபோல்டர் இருக்கும் இடத்தைக் காட்டியதும் சிவப்புக் குறிகள் கொத்துக் கொத்தாக மறைந்தன. அடக்கப் பாட்டில் மட்டும் போகவில்லை. பெயரைப் போட்டுத் தேடினாள். 'சரிபண்ணது' என்ற ஃபோல்டரில் இருந்தது, போன வாரத் தேதியில். அப்பாடா! கேட்டுப் பார்க்க நேரமில்லை. ஸ்பீக்கர் வயரை மாட்டித் தட்டிவிட்டாள்.

தொண்டையைச் செருமும் சத்தம் வந்தது. பிறகு அப்பாவின் குரல்.

ஆர்மோனியம் இல்லை, தபலா இல்லை. இடையில் இசை வரவேண்டிய இடத்தில் "டன்டனக்க டன்" என்று வாயாலேயே வாசித்தார். சுருதி எங்கேயோ போனது.

"என்ன பிள்ள இது? நிறுத்து!" பீட்டர் பாய்ந்து வந்தான்.

பெனிட்டாவுக்குப் புரிந்துவிட்டது. பழைய பாட்டு கெட்டுப்போயிருக்கிறது. கேட்டு வாங்க ஆளில்லை. மனுஷன் தானே பாடி அந்த இடத்தை நிரப்பியிருக்கிறார். அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் பொங்கியது.

"சத்தத்தக் கூட்டு," என்றாள் அம்மா.

தூக்க வந்தவர்கள் பெட்டியிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்கள். மூன்றாவது சரணத்தில் குரல் தடுமாறி நின்றது.

"லூசி... ஏட்டி லூசி! அடுத்த அடி என்ன?"

ஸ்பீக்கரில் அன்றைக்கு அடுப்பில் இருந்த குக்கர் விசில் அடிப்பது மட்டும் கேட்டது.

அம்மா பெட்டிக்குள் குனிந்து, அவர் காதோரம் அடுத்த அடியைப் பாடினாள்.