பத்தடி

ஆறாவது அடி வைத்தபோது பின்னாலிருந்து வேன்காரன் கூப்பிட்டான்.

"அக்கா, நில்லுங்க. அறுநூறு குடுங்க, வர்றேன்."

சின்னவள் உடனே திரும்பவில்லை. கூப்பிட்டதும் திரும்பினால், கூப்பிடுவதற்காகவே நடந்தாள் என்பது தெரிந்துவிடும். குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல் ஒரு மூச்சு கழித்துத்தான் திரும்பினாள்.

"ஐந்நூத்தம்பது. ஆஸ்பத்திரிக்குப் போறோம் தம்பி, ஊர் சுத்திப் பாக்க இல்ல."

"டீசல் என்ன எங்க மாமனார் வீட்டுலேர்ந்தா வருது? சரி, வழியைக் காட்டுங்க."

மணி ஏழுகூட ஆகவில்லை. தெருமுனையில் அந்த நேரத்துக்கு நின்றிருந்தது அந்த ஒரு வேன்தான். எண்ணூறில் ஆரம்பித்ததை ஐந்நூற்றைம்பதுக்குக் கொண்டுவந்ததில், அப்பா மூச்சுக்குத் திணறிக்கொண்டு கிடக்கும் அந்தக் காலையிலும், அவளுக்கு உள்ளே எங்கேயோ ஒரு சின்னக் குளிர்ச்சி இருந்தது. பிறகு நாள் முழுக்க அவள் மன்னிக்க முடியாமல் திரிந்தது அந்தக் குளிர்ச்சியைத்தான்.

பத்தடி என்பது அப்பாவின் கண்டுபிடிப்பு. அவர் ஒரு பாத்திரக்கடைக்கு முப்பது வருஷம் கொள்முதல் பார்த்தவர். மொத்த வியாபாரிகள் மத்தியில் அவருக்குப் பெயர் 'பாதி'. தூரத்தில் தலை தெரிந்ததுமே "பாதி வர்றார்" என்று சொல்லிவைத்து விலையை இரண்டு மடங்காக்கிக்கொள்வார்கள். இவர் வந்து பாதியாக்குவார். இரண்டு தரப்புக்கும் திருப்தி. விலை படியாவிட்டால் அவர் கோபப்படமாட்டார். மரியாதையாகக் கும்பிட்டுவிட்டு நடப்பார். மூன்றடி வரை வியாபாரி சிரித்துக்கொண்டிருப்பான். ஐந்தில் சந்தேகம் வரும். ஏழில் வாய் திறப்பான்.

"பத்து வரைக்கும் கூப்பிடலேன்னா?" என்று சின்னவள் கேட்டிருக்கிறாள்.

"அவன் சொன்னது நிஜ விலை. வெக்கப்படாம திரும்பிப் போய் அதே விலைக்கு வாங்கிட்டு வா."

வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் பத்து முடிந்தும் அவர் திரும்பிப் போகவில்லை. அது சின்னவளின் கல்யாணப் பேச்சு. மாப்பிள்ளை வீட்டார் வரதட்சணைத் தொகையைச் சொன்னதும் எழுந்து நடந்தார். அவர்கள் கூப்பிடவில்லை. சின்னவளுக்கு இப்போது நாற்பத்தொன்று. 'ஒரே விலை, பேரம் பேசாதீர்கள்' என்று பலகை மாட்டிய துணிக்கடையில் பில் போடுகிறாள். அந்தப் பலகையைப் பார்க்கும்போதெல்லாம் அப்பாவுக்குச் சிரிப்பு தாங்காது.

கூடப் போகிற நாளில் அவர் பேசமாட்டார். அவளைப் பேசவிட்டு, கடைக்காரன் முதுகுப்பக்கம் நின்று இரண்டு கைகளையும் தூக்கிப் பத்து விரலையும் விரித்துக் காட்டுவார். நட என்று அர்த்தம்.

அன்று காலையும் காட்டினார். பர்ஸை எடுத்துக்கொண்டு அவள் வாசலுக்கு ஓடியபோது, கட்டிலில் தலையணைகளில் சாய்ந்து கிடந்தவர் இரண்டு கைகளையும் தூக்கினார். பத்து விரலும் விரிந்திருந்தது. அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். தெருமுனையில் போய் நடந்தாள்.

வேன் வாசலுக்கு வந்ததும், பக்கத்து வீட்டுக்காரரும் டிரைவருமாக அப்பாவைத் தூக்கி உட்காரவைத்தார்கள். செருப்பு போட்டுக்கொள்ளாமல் வரமாட்டேன் என்று அவர் காலை நீட்டிக் காட்ட, அதையும் மாட்டிவிட்டார்கள். அம்மா புடவை மாற்றிக்கொண்டிருந்தாள். சின்னவள் மருந்துச் சீட்டுகளை எடுத்துக்கொண்டு வாசல் வரை வந்தவள், உள்ளே ஃபேன் ஓடுகிற சத்தம் கேட்டுத் திரும்பிப் போய் அணைத்துவிட்டு வந்தாள்.

பாலத்தைத் தாண்டும்போது அவள் கைக்குள் இருந்த அவருடைய கை கனத்தது.

ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டருக்கு இருபத்தைந்து வயதிருந்தால் அதிகம். தன் கழுத்திலிருந்து ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றிக்கொண்டே, "கொஞ்சம் முன்னாடி கொண்டு வந்திருக்கலாம்" என்றார்.

"எவ்வளவு முன்னாடி?"

"அதெல்லாம் சொல்ல முடியாதும்மா."

"ஒரு மணி நேரமா? அஞ்சு நிமிஷமா?"

டாக்டர் அவளை ஒரு முறை பார்த்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

பத்து மணிக்குள் அப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்து கூடத்தில் கிடத்தியாயிற்று. ஆஸ்பத்திரி கொடுத்த பையில் அவருடைய சட்டை, கண்ணாடி, ஒற்றைச் செருப்பு. இடது கால் செருப்பு. அம்மா அதைக் கொண்டுபோய் வழக்கமான இடத்தில், வாசற்படிக்கு வலப்பக்கம் வைத்தாள். வைத்துவிட்டு வந்து தலைமாட்டில் உட்கார்ந்தாள். வருகிறவர்கள் ஒவ்வொருவரும் எப்படி ஆச்சு என்று கேட்டார்கள். அம்மா முதலிலிருந்து சொன்னாள்.

"ஆறு மணிக்கெல்லாம் மூச்சு வாங்குது. இவ வண்டி பிடிக்க ஓடுறா. அவரு ரெண்டு கையையும் தூக்கறாரு. போகாதேங்கறாரு. வண்டி வேணாம், வந்து பக்கத்துல உக்காருங்கறாரு. அவ அவசரத்துல கவனிக்கல, பாவம்."

சின்னவள் தண்ணீர்ச் செம்புடன் நின்றுகொண்டிருந்தாள். முதல் தடவை கேட்டபோது, அம்மாவுக்குப் புரியவில்லை என்று நினைத்தாள். அம்மா எந்தக் காலத்தில் கடைக்கு வந்தாள்? இரண்டாவது தடவை, அந்தக் கைகள் எந்தப் பக்கம் பார்த்திருந்தன என்று நினைவுபடுத்திப் பார்த்தாள். உள்ளங்கை இவளைப் பார்த்திருந்தது. கடையிலும் அப்படித்தான் காட்டுவார். போகாதே என்று சொல்கிறவனும் அப்படித்தான் காட்டுவான். நாலாவது தடவைக்கு மேல் அவளால் கூடத்தில் நிற்க முடியவில்லை.

கொல்லைப்பக்கம் போனாள். யாரும் இல்லை. துணி துவைக்கிற கல்லிலிருந்து ஆறடி நடந்தாள். குனிந்தாள். செருப்பு வாரைச் சரிசெய்தாள். ஒரு மூச்சு விட்டாள். மொத்தத்தில் அரை நிமிஷம்கூட ஆகவில்லை. ஆனால் அதற்கு முன்னால் எண்ணூறு என்று அவன் சொன்னதும், நானூறு என்று இவள் சொன்னதும், அவன் சிரித்ததும், டயரைக் காட்டியதும், பெட்ரோல் பங்க் கதையும்? திரும்ப நடந்து பார்த்தாள். பிறகு ஃபேனை அணைக்கப் போய்வந்ததையும் சேர்த்து, அடுக்களை வரை போய்வந்து பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் நேரம் கூடியது.

குளிக்கிற அறையில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. மூடினாள். சோப்புப் பெட்டியில், தேய்ந்த பழைய சோப்புத் துண்டைப் புதுச் சோப்பின் முதுகில் அப்பா நேற்றுத்தான் ஒட்டவைத்திருந்தார். அது இன்னும் சரியாகப் பிடிக்கவில்லை. கட்டைவிரலால் அழுத்திவிட்டு வெளியே வந்தாள். நடையில் விளக்கு, படுக்கை அறையில் விளக்கு, அலமாரிக்குமேல் விளக்கு, எல்லாம் எரிந்துகொண்டிருந்தன. இந்த வீட்டில் இரண்டு விளக்குக்கு மேல் ஒரே நேரத்தில் எரிந்து அக்கம்பக்கம் பார்த்ததில்லை. ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே வந்தவள் அதே வேகத்தில் கடைசி சுவிட்சையும் தட்டினாள்.

"ஐயோ, கரண்ட் போயிடுச்சா?" என்றது ஒரு குரல். அந்த அறையில் துக்கத்துக்கு வந்த ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"இல்ல சித்தி, நான்தான்." மறுபடி போட்டாள்.

சித்தி பக்கத்திலிருந்தவளிடம் தாழ்ந்த குரலில் சொன்னது நன்றாகவே கேட்டது. "அப்பன் போயிட்டாலும் மீட்டர் ஓடக்கூடாது இவங்களுக்கு."

பன்னிரண்டு மணிக்கு அண்ணன் வந்தான். வேறு ஊரில் பெரிய கம்பெனியில் இருக்கிறான். அப்பாவோடு கடைக்குப் போனால் பத்தடி தள்ளி நின்று, இவர் யாரோ என்பதுபோல் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பவன். அப்பாவின் காலடியில் கொஞ்ச நேரம் தலை குனிந்து நின்றான். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு வேலையில் இறங்கினான். நாற்காலிக்காரன் கேட்டதைக் கொடுத்தான். பூமாலைக்காரன் கேட்டதைக் கொடுத்தான். டீக்குச் சொல்லி அனுப்பினான்.

"நாற்காலிக்கு எவ்வளவு?" சின்னவளின் வாய் அவளைக் கேட்காமலே கேட்டுவிட்டது.

அண்ணன் தொகையைச் சொன்னான். சொல்லிவிட்டு, "இன்னிக்கு ஒரு நாளாவது பேரம் இல்லாம இருப்போமே, சின்னு" என்றான்.

அது வேறு நாளாக இருந்தால் அந்த நாற்காலிக்காரனை நாலடியில் கூப்பிட வைத்திருப்பாள். இன்று தலையை ஆட்டினாள். அண்ணன் அவளை ஆச்சரியமாகப் பார்த்தான்.

"காலையில வண்டி உடனே கெடைச்சுதா?"

"ம்."

"லேட் ஆகலையே?"

"அம்மா கூப்பிடறாங்க" என்று சொல்லி உள்ளே போனாள். அம்மா கூப்பிடவில்லை. புதிதாக வந்த ஒருத்தியிடம், அவர் இரண்டு கையையும் தூக்கிய கட்டத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மூன்று மணிக்கு வாசலில் அந்த வேன் வந்து நின்றது.

சின்னவள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அண்ணன் வாசலில்தான் இருந்தான். அவனிடம் போய், "உங்க அக்காவா தங்கச்சியா, அம்மாடி, என்ன பேச்சு பேசுறாங்க, என்ன நடை நடக்கிறாங்க" என்று டிரைவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள். அண்ணன் போனில் யாரிடமோ வழி சொல்லிக்கொண்டிருந்தான்.

டிரைவரின் கையில் ஒற்றைச் செருப்பு இருந்தது. வலது கால்.

"சீட்டுக்கு அடியில கெடந்துச்சுக்கா. டயர் வெச்சுத் தெச்சிருந்துச்சா, பெரியவரோடதுதான்னு தெரிஞ்சுது. இன்னும் பத்து வருஷம் வரும் இது."

வாங்கிக்கொண்டாள். அவளை அறியாமல் இன்னொரு கை பர்ஸைத் திறந்தது. "காலையில கொறைச்சது இருக்கே. அதையும் வாங்கிக்கங்க."

"வெச்சுக்கங்க. செத்த வீட்டுல வந்து யாராச்சும் பாக்கி கேப்பாங்களா? தப்பு எம்மேலயும் இருக்கு. எடுத்தவுடனே எண்ணூறுன்னேன்."

சின்னவள் பர்ஸை மூடினாள்.

"ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன்" என்றான் டிரைவர். "நீங்க ஏதோ ஆஃப் பண்ண உள்ள போனீங்களே, அப்ப பெரியவர் ஏதோ சொல்றாப்ல இருந்துச்சு. காதைக் கிட்டக் கொண்டுபோனேன். 'எத்தனை அடி போனா'ன்னாரு. எனக்கு வெளங்கல. யாருன்னேன். 'எம் பொண்ணு. நீ கூப்பிடறப்ப எத்தனை அடி போயிருந்தா'ன்னாரு. ஆறு இருக்கும்னேன்."

சின்னவள் அவன் முகத்தையே பார்த்தாள்.

"சிரிச்சாருக்கா. அந்த மூச்சுலயும் சிரிச்சாரு. 'பத்து காட்டினேன். அவசரப்பட்டு ஆறுலயே கூப்பிட்டுட்டியே, உனக்கு யாவாரம் வராது'ன்னாரு. உடம்பு முடியாம ஏதோ பொலம்பறாருன்னு விட்டுட்டேன். பத்துன்னா என்னக்கா?"

சின்னவள் செருப்பின் அடியில் ஒட்டியிருந்த மண்ணை விரலால் உதிர்த்தாள்.

"ஒண்ணும் இல்ல தம்பி. சும்மா எங்க வீட்டுப் பேச்சு."

அவன் தலையைச் சொறிந்துகொண்டு உள்ளே போய், அப்பாவை ஒரு முறை பார்த்துவிட்டு வந்து வண்டியை எடுத்தான். சின்னவள் வலது செருப்பை இடதுக்குப் பக்கத்தில் வைத்தாள். கூடத்தில் அம்மாவின் குரல் கேட்டது. "ரெண்டு கையையும் தூக்கறாரு. போகாதேங்கறாரு..." சின்னவள் போய் அம்மாவின் தோளைத் தொட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். வீடு திரும்பிய பிறகு அவள் உட்கார்ந்தது அப்போதுதான். அம்மா சொல்லி முடிக்கும்வரை ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை.

நாலு மணிக்கு சவ வண்டி வந்தது. வேனைவிடப் பெரிய வண்டி என்பதால் குறுகலான சந்தில் வர முடியாமல் வாசலிலிருந்து கொஞ்சம் தள்ளி நின்றது. வண்டிக்காரர் தலை நரைத்தவர். அண்ணனிடம் நாலாயிரம் என்றார். அண்ணன் பையில் கைவிட்டான்.

"அண்ணா, இரு" என்று சின்னவள் இறங்கி வந்தாள்.

"சின்னு, வேணாம். எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். நீ அந்தப் பக்கம் நில்லு, எப்பவும் நிப்பியே." வண்டிக்காரரிடம் திரும்பினாள். "ரெண்டாயிரம்."

"இதுல பேசறதுக்கு ஒண்ணும் இல்லம்மா. போகவர தூரம் இருக்கு."

"வரும்போது காலியாத்தானே வருவீங்க?"

"காலியா வந்தாலும் வண்டி எண்ணெய் குடிக்குமே."

அவள் கும்பிட்டாள். திரும்பி வீட்டைப் பார்த்து நடந்தாள். சந்தின் இரண்டு பக்கமும் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். சித்தி மூக்கில் விரல் வைத்தாள். மூன்று. நாலு. பின்னால் சத்தமே இல்லை. ஐந்து. அண்ணன் செருமினான். ஆறாவது அடியில் அவளுடைய கால் லேசாகத் தயங்கியது. பிறகு தானே போனது. ஏழு. எட்டு. திறந்திருந்த கதவு வழியாகக் கூடத்துக் கட்டிலும், போர்வைக்கு வெளியே தெரிந்த பாதங்களும் கண்ணுக்கு நேரே வந்தன. ஒன்பது.

பத்தாவது அடி வாசற்படிக்கு முன்னால் விழுந்தது. யாரும் கூப்பிடவில்லை.

யாருடைய கால் பட்டதோ, ஜோடியில் ஒன்று கவிழ்ந்து டயர்த் தையலைக் காட்டிக்கொண்டு கிடந்தது. சின்னவள் குனிந்து அதை நிமிர்த்தி, இரண்டையும் தெருவைப் பார்த்துத் திருப்பிவைத்தாள். பிறகு பர்ஸைத் திறந்துகொண்டு வண்டிக்காரரிடம் திரும்பி நடந்தாள்.

"நீங்க சொன்னதே இருக்கட்டும்" என்றாள்.