எட்டாம் நம்பர் அறையின் கதவு

எட்டாம் நம்பர் அறைக்குள் போகமாட்டேன் என்று பாண்டிலட்சுமி சொன்னபோது தீபாவளிக்குப் பத்தே நாள் இருந்தது. வெம்பக்கோட்டைப் பக்கத்துப் பட்டாசு ஆலை அது. சீசன் உச்சத்தில் வேலைக்காரி வெளியே நின்றால் எந்த முதலாளிக்குப் பொறுக்கும்? வெள்ளைத்துரை ஆபீஸிலிருந்து பாய்ந்து வந்தார்.

வம்பு கதவால் வந்தது. வெடிமருந்து செலுத்தும் அறைகளில் இரும்பு உரசினால் பொறி பறக்கும் என்பதால் மரக்கதவும் பித்தளைக் கீலும்தான். அறைக்கு முன்னும் பின்னுமாக இரண்டு கதவு. கை வைத்ததும் வெளிப்பக்கம் திறக்க வேண்டும். வேலை நேரத்தில் அவை திறந்தே கிடக்க வேண்டும் என்று விதி. சாரல் அடித்தால் மருந்து நனையுமென்று சாத்தச் சொல்வார்கள். விதி தாளில் இருக்கிறது, சாரல் வாசலில் நிற்கிறது, என்ன செய்ய!

போன மழையில் கதவுகள் உப்பிச் சிக்கியதால், இந்த வருஷம் தண்ணீர் ஒட்டாத ரசாயனப் பூச்சு வாங்கினார் வெள்ளைத்துரை. நல்ல சரக்குதான். அடித்த நாளைத்தான் பார்க்க வேண்டும். ஆயுத பூஜைக்கு எட்டு அறைகளின் கதவுகளையும் குடம் குடமாய்த் தண்ணீர் ஊற்றிக் கழுவினார்கள். சந்தனம் வைக்குமுன் பளபளவென்று இருக்கட்டும் என்று ஈரம் காயாமலே இரண்டு கோட் அடித்துவிட்டார்கள். காய்ந்த மரத்தில்தான் அடிக்க வேண்டும் என்று டப்பாவில் தமிழிலேயே போட்டிருந்தது. பாண்டிலட்சுமி படித்துச் சொன்னாள். ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இப்போது வெள்ளைத்துரை கதவில் ஒரு செம்பு தண்ணீரை வீசினார். அது உருண்டு கீழே விழுந்தது.

"பாத்தியா? பொட்டுத் தண்ணி நிக்கல. இன்னும் என்ன வேணுங்கிற?"

"வெளிய இருக்க தண்ணி உள்ள போகாது மொதலாளி. உள்ள இருக்க தண்ணி எங்கன போகும்? கதவு உப்பிப்போயி நிக்கிது."

"நாளைக்கு லோடு போகணும். இஷ்டம்னா வேலை பாரு, இல்லைன்னா வீட்டுக்குப் போ."

அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. பயமும் இருந்தது, இங்கே விரட்டினால் பக்கத்து ஆலையிலும் சேர்க்கமாட்டார்கள். அவளோடு அந்த அறையில் வேலை பார்க்கும் மாரித்தாயும் முத்துப்பேச்சியும் வந்து பக்கத்தில் நின்றார்கள்.

"போறேன். அதுக்கு முன்ன நீங்க ஒருக்கா உள்ள போயி, ரெண்டு கதவையும் சாத்திட்டு வெளிய வாங்க. வந்துட்டீகன்னா இப்பவே வேலைக்கு உக்காருறேன்."

மற்ற அறைப் பெண்களும் வெளியே வந்துவிட்டார்கள். இத்தனை பேர் முன்னால் மாட்டேன் என்று சொல்ல முடியுமா? காலியாய்க் கிடந்த அறைக்குள் போய்க் கதவுகளை இழுத்துச் சாத்தினார்.

உள்ளிருந்து ஒரு தள்ளு. கதவு அசையவில்லை. பின்கதவுக்கு ஓடினார், அங்கே இரண்டு இடி. திரும்ப முன்கதவுக்கு வந்து தோளைக் கொடுத்தார்.

"ஏலே, யாராவது இழுங்கலே!"

மாரித்தாய் கை நீட்டினாள். பாண்டிலட்சுமி தடுத்தாள். இரக்கமில்லாத காரியம்தான், தெரிந்தேதான் செய்தாள். மூன்றாவது மோதலில் கதவு திறந்து, வெள்ளைத்துரை படியில் வந்து விழாத குறையாக நின்றார்.

"எத்தனை தடவ இடிச்சீக மொதலாளி?"

அவளே எண்ணி வைத்திருந்தாள்.

"ஆறு. மருந்து பத்துச்சுன்னா எங்களுக்கு ஒரு இடிக்கே நேரம் கெடையாது."

வெள்ளைத்துரை தோளைத் தடவிக்கொண்டார். "இந்த ரெண்டு கதவையும் கழட்டச் சொல்றேன்" என்றார்.

பாண்டிலட்சுமி நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

"பதினாறு கதவு மொதலாளி. எல்லாத்தையும் கழட்டுங்க. அதுவரைக்கும் ஒருத்தியும் உள்ள போகமாட்டா."