அண்ணனைக் கேட்டுச் சொல்றேன்

“இப்பவே கர்ப்பப்பையை எடுத்துடலாம். இல்லேன்னா மருந்து கொடுத்துக் கொஞ்ச நாள் பார்க்கலாம். நீங்க என்ன சொல்றீங்க?”

“ஒரு நிமிஷம் டாக்டர். அண்ணனைக் கேட்டுச் சொல்றேன்.”

டாக்டர் கேட்டது என் கணவரிடம். அவர்கள் இருவருக்கும் நடுவே, ரத்தப்போக்கு நிற்காமல், காய்ச்சலோடு ஆஸ்பத்திரித் தள்ளுவண்டியில் கிடந்தது நான். கண்தான் மூடியிருந்தது, காது மூடவில்லை. மருந்தே போதும், எனக்கு இன்னொரு குழந்தை வேண்டும் என்று அதற்கு முதல் நாள்தான் கணவர் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருந்தேன். போனில் அவருடைய அண்ணன், எங்கள் வீட்டுப் பெரியவர், போட்ட சத்தம் எனக்கும் கேட்டது. “அதான் பொண்ணு ஒண்ணு இருக்கே, போதாதா? எடுத்துத் தொலைக்கச் சொல்லு!”

எடுத்தார்கள். காதில் விழுந்ததை நான் அவரிடம் சொல்லவே இல்லை. மகள் வளர்ந்து, படித்து, வேலைக்கும் போய்விட்டாள்.

என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். நடுமாடியில் லிஃப்ட் சிக்கி உள்ளே இருப்பவர்கள் அலறினாலும், “யாரும் எதையும் தொடாதீங்க, நான் இருக்கேன்” என்று நிதானமாகக் குரல் கொடுப்பார். அதே மனிதர் வீட்டுச் சுவருக்கு என்ன நிறம் அடிப்பது என்று அண்ணனுக்குப் போன் போடுவார். கெட்டவர் இல்லை. எனக்குக் கண் வலித்தால், வேலைக்கு நடுவே என் திரைச்சீலைக் கடைக்கு வந்து மெஷின் ஊசியில் நூல் கோர்த்துக் கொடுத்துவிட்டுப் போவார். கெட்டவராக இருந்திருந்தால் என் கோபம் என்றைக்கோ தீர்ந்திருக்கும்.

சமீபத்தில் அவரோடு வேலை செய்தவர் பக்கவாதத்தில் பேச்சு மூச்சில்லாமல் விழுந்தார். அந்த வீட்டில் ஆளுக்கு ஒரு முடிவு சொல்லி ஆஸ்பத்திரியிலேயே அடித்துக்கொண்டார்கள். அதைப் பார்த்துப் பயந்துபோய், “நமக்காக யார் முடிவு எடுக்கணும்னு நாம ரெண்டு பேரும் இப்பவே எழுதி வெச்சிடுவோம்” என்றார் இவர். எனக்கும் சரியென்று பட்டது.

வக்கீல் அலுவலக வாசலில் பெரியவர் நின்றிருந்தார்.

“இவர் எதுக்கு?” என்றேன் மெதுவாக.

“சாட்சிக்கு ஆள் வேணும்ல?” என்றார் கணவர், என் முகத்தைப் பார்க்காமல்.

வக்கீலம்மாவுக்கு ஜலதோஷம். மூக்கைத் துடைத்துக்கொண்டே விளக்கினார். நான் பேச முடியாத நிலைக்குப் போனால், சிகிச்சை, பேங்க், வீடு எல்லாவற்றிலும் எனக்காக முடிவெடுக்க ஒருவரை நியமிக்க வேண்டும். “யாரைப் போடறீங்கம்மா?”

நான் வாயைத் திறப்பதற்குள் பெரியவர் சொன்னார். “தம்பி பேரைப் போடுங்க. அவனுக்கு இவ பேரு. எதுவா இருந்தாலும் கடைசியில நான் பார்த்துக்குவேன்.”

“சார், நான் உங்களைக் கேக்கலையே?”

“குடும்பத்துல யாரைக் கேட்டா என்னம்மா? எல்லாம் ஒரே ரத்தம்.”

“என் ரத்தம் வேற மாமா,” என்றேன். “அது போனப்பவும் உங்களைத்தான் கேட்டாங்க.”

நான் வக்கீலைப் பார்த்துச் சொன்னேன். “என் கடையில துணி வெட்டறவ ஒருத்தி இருக்கா. கைக்கும் வாய்க்கும் சேர்த்து அவளைக் கத்திரின்னுதான் கூப்பிடுவோம். அவ பேரை எழுதுங்க.”

“கத்திரியா?” கணவர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். “புருஷன் நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன், உனக்கென்ன பைத்தியமா?”

“அவகிட்ட ரெண்டு மீட்டர்னு சொன்னா ரெண்டு மீட்டர்தான் வெட்டுவா. அவ அண்ணனைக் கேட்டு மூணா வெட்ட மாட்டா.”

வக்கீலம்மாவுக்குச் சிரிப்பு வந்து இருமலில் முடிந்தது. பெரியவர் எழுந்தார். “ஊர் சிரிக்கும்! வாடா, போலாம்.”

என் கணவரும் பாதி எழுந்தார். அந்தப் பாதி எழுந்த முழங்காலைப் பார்த்ததும் எனக்கு உச்சந்தலை கொதித்தது.

“எழுந்தீங்கன்னா கத்திரி பேருதான். அதுக்கப்புறம் என்னைத் திரும்பக் கேக்காதீங்க.”

அவர் உட்கார்ந்தார். பெரியவர் தம்பியை ஒருமுறை முறைத்துவிட்டு, கதவை அறைந்து சாத்திக்கொண்டு போனார்.

“நான் என்ன பண்ணேன், இவ்வளவு கோபம்?”

“அன்னைக்கு ஆஸ்பத்திரியில நான் முழிச்சுட்டுதான் இருந்தேன். டாக்டர் கேட்டது, நீங்க போன் போட்டது, அவர் சொன்னது, எல்லாம் கேட்டுச்சு.”

அவர் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் வடிந்துவிட்டது. “பயமா இருந்துச்சு,” என்றார். “நான் ஒண்ணு சொல்லி, உனக்கு ஏதாவது ஆயிட்டா...”

“அதனால அவர் சொல்லி ஆகட்டும்னு விட்டுட்டீங்க.”

“இத்தனை வருஷமா ஏன் என்கிட்ட சொல்லல?”

“நீங்களா கேப்பீங்கன்னு இருந்தேன்.”

வக்கீலம்மா பேனாவை மூடினார். “நான் வேணா வெளிய இருக்கட்டுமா?”

“இருங்கம்மா. எழுதிக்க வேண்டியது இதுதான்.” நான் கணவர் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். “உங்க பேரையே போடறேன். ஆனா நான் பேச முடியாமக் கிடக்கிற அன்னைக்கு யாரையும் கேக்காதீங்க. என் பக்கத்துல உட்காருங்க. இவ என்ன கேட்டிருப்பான்னு நீங்களே யோசிங்க. தப்பா யோசிச்சாலும் பரவாயில்லை. எனக்காக நீங்க யோசிங்க.”