கோட்டுக்குக் கீழே எழுதிய மருந்து

1

இந்தக் கதையைத் தேடி நான் போகவில்லை. பாரிஸில், லாச்சப்பலில் ஒரு ஃபார்மசி வரிசையில் நின்று மாட்டுப்பட்டேன். இராஜேந்திரன் அண்ணைக்கு ஒரு பிரெஞ்சுச் சொல்லை மொழிபெயர்த்தேன். சரியாகத்தான் மொழிபெயர்த்தேன். அவருடைய இடது கண் போய்விட்டது. இதோடு நிறுத்தினால் நீங்கள் அரசாங்கத்தைத் திட்டிவிட்டுப் பக்கத்தைத் திருப்புவீர்கள், நானும் தப்பிவிடுவேன். ஆகவே நிறுத்தமாட்டேன்.

2

முதல் தொடக்கம்: "மார்க்ஸ் டோர்மோய் மெட்ரோ வாசலில் மழை..." மழை பெய்யவில்லை. வெட்டினேன்.

இரண்டாம் தொடக்கம்: "முப்பது வருடம் றெஸ்ரோறண்டில் கோப்பை கழுவிய அந்தக் கைகள்..." சீ! இரக்கத்துக்குக் கையேந்துகிற வசனம். அண்ணை வாசித்தால், "என்ன தங்கச்சி, செத்தவீட்டு நோட்டீஸ் மாதிரிக் கிடக்கு" என்பார். (கோப்பை கழுவியது உண்மை. வயது எழுபத்திரண்டு என்பதும் உண்மை. பெயர் மட்டும் நான் வைத்தது.)

மூன்றாவதை மருந்துச் சீட்டிலிருந்து தொடங்குகிறேன்.

3

இங்கே நீண்டகால நோய்க்காரருக்கு எழுதும் சீட்டின் நடுவே ஒரு கோடு இருக்கும். கோட்டுக்கு மேலே அந்த நோய்க்கான மருந்து. அதை அரசாங்கம் முழுதாகக் கட்டும். கீழே மற்ற மருந்துகள். அவற்றில் ஒரு பங்கைத்தான் கட்டும், மிச்சத்தை மியூச்சுவல் என்கிற தனிக் காப்புறுதி பார்த்துக்கொள்ளவேண்டும். அண்ணைக்கு முதலாளி தந்த மியூச்சுவல் பென்ஷன் எடுத்ததோடு போய்விட்டது. தானாக எடுப்பதென்றால் வயதோடு அதன் விலையும் ஏறும். வசதி குறைந்தவர்களுக்கு இலவசமாகக் கொடுப்பதற்கோ அவருடைய பென்ஷன் கொஞ்சம் கூடிவிட்டதாம். மருந்து கூடுகிற வயதில் காப்புறுதி குறைகிறது. இதை யோசித்துக் கண்டுபிடித்தவர் நல்ல கண்களோடு நீடூழி வாழட்டும்.

அண்ணையின் நீண்டகால நோய் சலரோகம், சர்க்கரை வியாதி. அதற்கான குளிசைகள் கோட்டுக்கு மேலே இருந்தன. கண்ணழுத்தத்துக்கான சொட்டு மருந்து கீழே.

"இதுக்கு மட்டும் ஏன் காசு கேக்கினம்?" என்றார்.

கவுண்டரில் நின்ற ஜூலியன் சீட்டில் அச்சடித்திருந்ததை விரலால் தொட்டுக் காட்டினான். "ஸான் றப்போர்."

"உங்கட வருத்தத்தோடை சம்பந்தமில்லாத மருந்தாம் அண்ணை."

"அப்பிடியோ? சம்பந்தமில்லாத மருந்தை நான் ஏன் கண்ணுக்கை விடவேணும்?"

சொட்டு மருந்தை ஜூலியன் பக்கம் தள்ளிவிட்டார். பகிடி விடுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். பின்னால் வரிசை முணுமுணுத்தது. எனக்குப் புறநகரிலுள்ள பொண்டிக்கு ரயில் பிடிக்கவேண்டியிருந்தது.

(அடிக்குறிப்பாகப் போடவேண்டியது: வருத்தம் என்றால் இங்கே நோய், அவருடைய சலரோகம். அதோடு சம்பந்தமில்லை என்பதுதான் அந்தப் பிரெஞ்சுச் சொல்லின் அர்த்தம். "ஆனால் உங்கட கண்ணுக்குக் கட்டாயம் வேணும் அண்ணை" என்று இன்னொரு வசனம் சொல்லியிருக்கலாம். அரை நிமிடம் போயிருக்கும்.)

கண்ணழுத்தம் வலிக்காது. சொட்டு விடாத மூன்று வருடமும் அவருக்கு வலிக்கவேயில்லை.

4

இந்தக் கதையில் நான் நம்பாத பாத்திரம் "நான்"தான். ஒரு வரைவில் அவளைப் பாதி வழியில் ரயிலிலிருந்து இறக்கி ஃபார்மசிக்குத் திரும்பி ஓடவிட்டேன். பொய். இன்னொன்றில் சட்டத்தைப் பற்றி நாலு பக்கம் கத்தவிட்டேன். கத்தியதில் பிழை ஒன்றுமில்லை, உடம்பின் நடுவே கோடு கீறுகிற சட்டத்தைப் பார்த்துக் கத்தத்தான் வேண்டும். ஆனால் கத்தி முடித்ததும் அவளுக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி எனக்கு அருவருப்பாக இருந்தது. நாலு பக்கத்தையும் கிழித்தேன்.

5

போன கிழமை கண் டொக்டரிடம் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். வலது கண்ணிலும் தொடங்கிவிட்டது. நாள் தவறாமல் சொட்டு விடுவார் என்றால் மருந்தோடு சமாளிக்கலாம், இடையில் விட்டுவிடுகிற ஆள் என்றால் உடனே ஒப்பறேசன்தான், அதில் இருக்கிற பார்வையும் போகலாம் என்றார் டொக்டர். பிறகு ஒன்று கேட்டார், அதை நான் தமிழில் சொன்னேன்.

"முந்தி ஏன் மருந்தை நிப்பாட்டினனீங்கள் எண்டு கேக்கிறா அண்ணை."

நான் அண்ணைக்கு இடப்பக்கம் இருந்தேன். முகத்தை முழுதாகத் திருப்பித்தான் என்னைப் பார்த்தார்.

"மறந்துபோனன் எண்டு சொல்லுங்கோ தங்கச்சி."

"இல்லையண்ணை, அண்டைக்கு நான்..."

"எனக்குத் தெரியும். உங்களிலை பிழை வரக்கூடாது. சொல்லுங்கோ."

ஐயோ, நான் அன்றைக்குச் சொல்லாமல் விட்ட வசனம் இந்த மனிசனுக்கு இவ்வளவு நாளும் தெரியும்.

6

முடிவு ஒன்று: அவர் சொன்னதை அப்படியே மொழிபெயர்க்கிறேன். மருந்தை மறக்கிற ஆள் என்று கோப்பில் ஏறும். ஒப்பறேசனுக்கு நாள் குறிப்பார்கள்.

முடிவு இரண்டு: நடந்ததைச் சொல்கிறேன். அவர் மறக்கிற ஆள் இல்லை என்று சொட்டு மருந்தோடு விடுவார்கள். டொக்டர் என்னைப் பார்க்கும் அந்தப் பார்வையோடு நான் வீட்டுக்குப் போகவேண்டும்.

டொக்டர் பேனாவோடு காத்திருந்தார். நான் வாயைத் திறந்தேன். என்ன சொன்னேன் என்று எழுதமாட்டேன், அதை நீங்கள் எழுதுங்கள். எனக்காக இரக்கப்பட்டு மட்டும் எழுதிவிடாதீர்கள். அவருக்கு இருப்பது ஒரு கண்.