ஆறாவது தலை

மூன்று வருஷமாக எட்டிப் பார்க்காத மகன் திடீரென்று முதியோர் இல்லத்து வாசலில் வந்து நின்று, "அப்பா, நம்ம வீட்டுக்குப் போகலாம்" என்றால் எந்தத் தகப்பனுக்குத்தான் தலைகால் புரியும்? கொத்தனாருக்கும் புரியவில்லை. சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டது கூடத் தெரியாமல் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டார். காரியம் ஆக வேண்டுமென்றால் கழுதைக் காலையும் பிடிப்பவன் தன் மகன் என்பது பெற்றவருக்கு மட்டும் அன்றைக்கு மறந்துபோனது.

மழை பொய்த்துப் பொய்த்து வறண்ட ஊர் அது. இன்னும் இருபது வருஷத்துக்குத் தாக்குப்பிடிக்குமா என்று பார்க்க, குடிநீர் வாரியம் வீடு வீடாக ஆள் அனுப்பியது. எந்த வீட்டில் எவ்வளவு தண்ணீர் சேர்த்து வைக்க முடியும் என்று அளப்பார்கள். ஆறு பேருக்குக் குறையாத வீட்டில் அது போதாது என்றால், வாரியமே ஒரு பெரிய தொட்டி கட்டிக் கொடுக்கும், இலவசமாக. மகன் வீட்டில் தலைகள் ஐந்து. ஆறாவது தலையைத்தான் வண்டியில் ஏற்றி வந்தான்.

"கேட்டா, இங்கதான் இருக்கேன்னு சொல்லுங்க. மத்தபடி வாயைத் திறக்காதீங்க. இது நல்லபடியா முடியட்டும், நீங்க வீட்டோடயே இருந்துடலாம்."

கடைசி வார்த்தைகளைத்தான் கொத்தனார் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். இல்லத்தில் கக்கூஸ் கதவை ஒட்டின கட்டிலில் கிடந்த மனுஷன். தன் கையால் கட்டின வீட்டில் சாக வேண்டும், அவருக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

"வாங்க மாமா, எப்படி இளைச்சுட்டீங்க!" என்றாள் மருமகள். அக்கறை என்றால் அப்படியொரு அக்கறை.

அளக்க வந்த அதிகாரி நடுத்தர வயதுப் பெண். மாடியில் இருந்த பிளாஸ்டிக் டேங்கைத் தட்டிப் பார்த்தாள். குளியலறை டிரம்முக்கு டேப் வைத்தாள். சமையலறைக் குடங்களை எண்ணினாள். கடைசியில் உதட்டைப் பிதுக்கினாள்.

"இவ்வளவுதானா? ஆறு பேருக்கு ரெண்டு நாளைக்குக் காணாது. இத்தனை பெரிய வீட்டைக் கட்டினவருக்குக் கொஞ்சம்கூட முன்யோசனை இல்லையே!"

மகன் காதில் தேன் பாய்ந்தது. கொத்தனாருக்கோ சுருக்கென்று தைத்தது.

"யாருக்கும்மா முன்யோசனை இல்லை?" என்று எழுந்தேவிட்டார். "அந்த ரூம்ல கட்டிலை நகர்த்திப் பாருங்க. கீழ தொட்டி இருக்கு. ஒரு லாரித் தண்ணியை அப்படியே முழுங்கும். நானும் என் சம்சாரமும் சேர்ந்து தோண்டினது!"

தெருவே குடத்தோடு அலையும்போது இந்தக் குடும்பம் மட்டும் தினமும் தலைக்குக் குளித்ததெல்லாம் அந்தத் தொட்டியின் புண்ணியத்தில்தான். அதன் மூடிமேல் கட்டிலைப் போட்டு, கட்டில்மேல் மெத்தையைப் போட்டு, மூச்சு விடாமல் இருந்தார்கள். கிழவர் ஒரே வாயில் போட்டு உடைத்துவிட்டார்.

மருமகள்தான் முந்திக்கொண்டாள். "மேடம், மாமாவுக்கு மூளை கொஞ்சம் கலங்கிடுச்சு. எங்கயோ கட்டினதை எல்லாம் இங்கன்னு சொல்வார், பாவம்."

அதிகாரி அவளைப் பார்த்தாள், கட்டிலைப் பார்த்தாள், பிறகு கிழவரிடம் திரும்பினாள். "ஐயா, நீங்களே சொல்லுங்க. தொட்டி இருக்கா, இல்லையா?"

மகன் அப்போதுதான் அப்பாவின் கண்ணை நேராகப் பார்த்தான். சின்ன வயதில் அடி விழும் முன்னால் பார்ப்பானே, அதே பார்வை. ஆயுசு முழுக்க, தான் வைத்த ஒரு செங்கல்லைக்கூட இல்லை என்று சொன்னவரில்லை அவர்.

"இல்லம்மா," என்றார். "அது வேற யாரோ வீடு. எனக்கு அடிக்கடி இப்படிக் குழம்பிடுது." நம்ப வேண்டுமே என்று மகனைக் காட்டி, "சில நேரம் இவன் யாருன்னே மறந்துபோவுது," என்றும் சேர்த்துக்கொண்டார்.

அதிகாரி உச்சுக்கொட்டினாள். அடுத்த தெரு பாக்கி இருந்தது அவளுக்கு. "தொட்டி கிடைச்சுடும் சார். பெரியவரைப் பத்திரமா பாத்துக்குங்க," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கொத்தனார் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "எப்படிச் சமாளிச்சேன் பாத்தியா?" என்றார். பெருமையாகத்தான் இருந்தது. இனி எந்த அறையில் படுக்கச் சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

மருமகள் புருஷனைப் பார்த்துப் பேசினாள். "பிள்ளைங்க இருக்கிற வீட்டுல இவரை எப்படிங்க வெச்சுக்கறது? அவர் வாயாலயே சொல்லிட்டார். நாளைக்கு யார் கேட்டாலும் அந்த மேடமே சாட்சி."

"பழைய இடத்துல இவர் கட்டிலை வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்களாம்," என்றான் மகன். "மூளை சரியில்லாதவங்களுக்குன்னு ஊருக்கு வெளிய ஒரு இடம் இருக்கு. கேட்டுப் பாக்கறேன்."

விளையாடுகிறான் என்றுதான் கொத்தனார் முதலில் சிரித்தார். மகன் போனைக் காதில் வைத்ததும் சிரிப்பு நின்றுபோனது.

"ஆமா சார், எங்க அப்பாதான். அடிக்கிறது, கடிக்கிறது எல்லாம் கிடையாது. இல்லாததை எல்லாம் இருக்கு இருக்குன்னு சொல்றார்."

"டேய்!" கொத்தனார் துடித்து எழுந்தார். "எனக்கு மூளை நல்லாத்தான்டா இருக்கு! தொட்டி இருக்குடா, உன் கட்டிலுக்குக் கீழதான்டா இருக்கு! நகர்த்துடா அதை!"

மகன் போனை அவர் பக்கமாக நீட்டினான்.

"நீங்களே கேளுங்க சார்," என்றான்.